போனில் படம் எடுத்தால் விடை வருகிறது; மகளுக்குக் கணக்கு வருமா?

கேள்வி:
மகள் 3/4 + 2/5 கணக்கை போட்டோமேத் என்ற கணக்குச் செயலியில் படம் பிடித்தாள். 23/20 என்று படிப்படியாக வந்தது. கீழே ஏன் 20 என்று கேட்டால் முழிக்கிறாள். கால்குலேட்டர் என்றால் எதை அழுத்துவது என்றாவது தெரிய வேண்டும்; இதற்கு அதுவும் வேண்டாம். இதைத் தடுப்பதா?

பதில் 1:
தடுக்க வேண்டாம். தாளில் போட்ட பிறகு சரிபார்க்கட்டும். அந்தக் காலத்தில் பெருக்க, வகுக்கப் பயன்பட்ட நகரும் அளவுகோலான ஸ்லைடு ரூல் தசமப் புள்ளியைக் காட்டாது, நாமேதான் மனதில் மதிப்பிட வேண்டும். 1972-இல் எச்பி-35 என்ற கையடக்கக் கால்குலேட்டர் வந்தபின் அந்தப் பழக்கமே போய்விட்டது. எனக்கு அதில்தான் வருத்தம்.

பதில் 2:
ஏஐ அரட்டைச் செயலி என்றால் இன்னும் கவனம். அது அடுத்த சொல்லை ஊகித்து எழுதுவது. பெரிய பெருக்கலில் தப்பையும் தயங்காமல் சொல்லும். 398×52 என்றதும் ‘20,000-க்குப் பக்கம்’ என்று அவளுக்குத் தோன்ற வேண்டும்.

கேட்டவர்:
சரி, 20 கட்டம் வரைந்து கொடுத்தேன். 3/4-க்கு 15, அப்புறம் 2/5-க்கு 8 என்று எண்ணிவிட்டு, “ரெண்டும் ஒரே அளவுத் துண்டா ஆகணுமாப்பா?” என்றாள்.