புதுப்பிப்பு: சர்க்கரை சேர்க்காத ஆப்பிள் கூழ்

சர்க்கரை சேர்க்காமல் அடைத்து வைத்த ஆப்பிள் கூழ் கெட்டுவிடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். கெடவில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறேன். கூழைக் காப்பது சர்க்கரையன்று, ஆப்பிளின் இயல்பான புளிப்பும் மூடியபின் கொடுக்கும் வெப்பமுமே. கூழின் பி.எச். அளவு (புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இருப்பதால், கொதிக்கும் கூழைச் சூடான கண்ணாடி ஜாடியில் விளிம்புக்கு அரை அங்குலம் கீழே வரை நிரப்பி, சிக்கிய காற்றுக்குமிழ்களை மெல்லிய மரக்குச்சியால் வெளியேற்றி (இதை மட்டும் யாரும் தவிர்க்க வேண்டாம்), விளிம்பைத் துடைத்து மூடி, ஜாடி முழுவதும் மூழ்கும் கொதிநீரில் வைத்தால் போதும். அரை லிட்டர் ஜாடிக்கு 15 நிமிடம், ஒரு லிட்டருக்கு 20 நிமிடம். உயரமான மலைப்பகுதிகளில் இந்நேரத்தைக் கூட்ட வேண்டும். ஆறியபின் மூடியின் நடுப்பகுதி விரலுக்கு அமுங்கி எழுந்தால் மூடி இறுகவில்லை என்று பொருள்; அந்த ஜாடியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து விரைவில் பயன்படுத்திவிடுங்கள்.