நிலவுப் படப்புத்தகம்: "ராக்கெட் எங்கே போச்சு?"

கேள்வி – பக்கம்புரட்டி:
6, 7 வயதுப் பிள்ளைகள் 12 பேர், 40 நிமிடம், அப்பல்லோ 11 பற்றி ஒரு படப்புத்தகம். ஒரு பக்கத்தில் பெரிய ராக்கெட் கிளம்புகிறது. அடுத்ததில் நாலுகால் பூச்சி மாதிரி ஒன்று நிலவில் நிற்கிறது. கடைசியில் கூம்பு ஒன்று கடலில் மிதக்கிறது. இடையில் என்ன நடந்தது என்று புத்தகத்தில் இல்லை. எப்படிக் காட்டலாம்?

காகிதக்கப்பல்:
சாட்டர்ன் 5 ராக்கெட்டின் உயரம் சுமார் 110 மீட்டர். மீட்டருக்கு ஒரு செ.மீ. வீதம் 110 செ.மீ. காகிதப் பட்டை எடுங்கள். கீழிருந்து 42, 25, 18 செ.மீ. அளந்து கோடு போடுங்கள். அவை மூன்று அடுக்குகள். மிச்சமுள்ள 25 செ.மீ.யில் உச்சியில் ஆபத்துக்கு உதவும் கோபுரம், அதன் கீழ் மூவர் உட்காரும் கூம்பு (கொலம்பியா), பிறகு அதன் எஞ்சின் பகுதி, அடியில் ஒளிந்திருக்கும் ஈகிள் (நிலவில் இறங்கிய அந்த நாலுகால் கலம்). கூம்பு 3 செ.மீ.க்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

முதலில் 42ஐக் கிழியுங்கள், அப்புறம் கோபுரம், அப்புறம் இரண்டாம் அடுக்கான 25. மூன்றாம் அடுக்குதான் நிலவை நோக்கித் தள்ளிவிட்டது. கூம்பு திரும்பி ஈகிளை அதிலிருந்து உருவி எடுத்த பிறகே 18 போகும். கோடுகளை முன்பே மடித்து நகத்தால் நீவி வையுங்கள். இல்லாவிட்டால் கிழிசல் கோணலாக ஓடிக் கூம்பே பாதியாகிவிடும்.

மூன்றாம்பிறை:
ஈகிளுக்குப் பட்டை போதாது. இரண்டு காகிதக் கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள், ஒட்டவே கூடாது. கீழ்க்கோப்பைக்கு நாலு குச்சிக் கால். ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸுக்கு மூன்று மணிகள். காலின்ஸ் மணி கூம்பிலேயே சுற்றிக்கொண்டிருக்கட்டும். கிளம்பும்போது மேல்கோப்பை மட்டும் எழும்பும், கால்கள் இன்றும் நிலவிலேயே நிற்கின்றன. இருவரும் கொலம்பியாவுக்கு மாறியதும் மேல்கோப்பையையும் விட்டுவிடுங்கள். கடைசியில் எஞ்சின் பகுதியும் கழன்று, கூம்பு மட்டும் பசிபிக்கில் விழும், 1969 ஜூலை 24.

முதல் வாசிப்பில் இதெல்லாம் வேண்டாம். நிறுத்தாமல் படித்துவிட்டு, இரண்டாம் முறை செய்யுங்கள். நடுவில் நிறுத்தினால் கதையும் போகும், விளக்கமும் போகும்.

வட்டப்பாதை:
ஓவியங்களையும் ஒரு கண் பாருங்கள். பூமியும் நிலவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், கூடைப்பந்தையும் டென்னிஸ் பந்தையும் 7 மீட்டர் தள்ளி வைத்துக் காட்டுங்கள். அளவும் தூரமும் ஏறக்குறைய பொருந்தும். முதலில் பிள்ளைகளையே வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு முழத்துக்குள் வைப்பார்கள்.

கொடி பறப்பதாக வரைந்திருந்தால் மேல்விளிம்பில் ஒரு குச்சியை வரையச் சொல்லுங்கள். காற்றில்லாத இடத்தில் கொடியைத் தாங்கியது அந்தக் குறுக்குக்கம்பிதான். "காற்று இல்லை, அதனால் ஈர்ப்பும் இல்லை" என்று யாராவது சொன்னால் அங்கேயே திருத்துங்கள். ஈர்ப்பு உண்டு, பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு.

பக்கம்புரட்டி:
பட்டையைத் தூக்கிப் பிடித்தால் துவண்டு மடிகிறதே?

காகிதக்கப்பல்:
பிடிக்க வேண்டாம். சுவரில் நெட்டாக ஒட்டுங்கள், கீழ்நுனி தரையைத் தொடட்டும். ஒட்டும் நாடா மேல் 25 செ.மீ.க்கு மட்டும், கீழே ஒட்டினால் கிழிக்க வராது.