சிபிஆருக்குத் தமிழில் என்ன போட? சனிக்கிழமைக்குள் வேண்டும்

தாராவியிலிருந்து, புதன் இரவு

எல்லாருக்கும் வணக்கம். அவசரம், அதனால் நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. வருகிற ஞாயிறு எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) முதலுதவி வகுப்பு. இட்லி வியாபாரம் செய்கிற அக்காமார், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் என்று நாற்பது பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நடத்துபவர் மராட்டிக்காரர், "சாத்தி தபாவ்" என்று இந்தியில் முடித்துவிடுவார். தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை என் பொறுப்பு. சனி காலை அச்சகத்துக்குப் போகவேண்டும்.

இரண்டு சொல் வேண்டும். ஒன்று சிபிஆர், அதாவது இதயம் நின்று விழுந்தவரின் நெஞ்சைக் கைகளால் அழுத்தி அழுத்திக் காப்பாற்றும் முதலுதவி. "இதய நுரையீரல் இயக்க மீட்பு" என்று போட்டுப் பார்த்தேன். தலைப்பு ஒரு வரியில் அடங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "இது ஆஸ்பத்திரியில செய்யறதாம்மா?" என்று கேட்டார். அதோடு கிழித்துப் போட்டேன். இன்னொன்று, டாக்டரும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை, சும்மா அந்த இடத்தில் இருந்தவர். அவரை எப்படிச் சொல்வது?

செம்பூரிலிருந்து, வியாழன் காலை

அன்புள்ள அம்மா, முதலாவதற்கு "மீளுயிர்ப்பு". உயிர்த்தல் என்றாலே மூச்சுவிடுதல்தான். பெருமூச்சை நெட்டுயிர்ப்பு என்றது அதனால்தான். மீட்பு என்பது அடகு வைத்த நகைக்கு.

இரண்டாவதற்கு "அருகர்" என்று எழுதத் தொடங்கி நிறுத்தினேன். அருகர் சமணரின் கடவுள், அவரைத் தாராவிக்கு இழுக்க வேண்டாம். தொல்காப்பியர் ஆயத்தமாகவே வைத்திருக்கிறார்: "கண்டோர்". அகத்திணையியலில், உடன்போக்கில், அதாவது வீட்டை விட்டுச் சேர்ந்து போகிற காதலர் இருவரை வழியில் பார்த்துப் பேசுகிறவர்கள். தாயும் இல்லை, தோழியும் இல்லை, தற்செயலாக அங்கே இருந்தவர்கள். நீங்கள் கேட்டது அச்சு அசலாக இதுதானே? "கண்டோர் மொழிதல் கண்ட தென்ப."

டோம்பிவிலியிலிருந்து, வியாழன், ரயிலில்

ஐயா, கண்டோர் மொழிவார்கள். சிக்கலே அதுதான்.

போன மழைக்காலம், சென்ட்ரல் லைனில் ஒரு ஸ்டேஷன், மாலை ஏழு மணி. படியிறங்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். சுற்றி ஐம்பது பேர் இருப்போம். ஒருவர் பேப்பரால் விசிறினார், ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒரு அம்மா தன் சாவிக்கொத்தை அவர் கைக்குள் திணித்தார், இரும்பு பட்டால் தெளியும் என்று. நான் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிபன் டப்பாவின் கனம், ஜிப் ஓரத்தில் மஞ்சள் நூலால் போட்ட தையல், இன்னும் கையில் இருக்கிறது. அவர் வாய் திறந்து திறந்து மூடியது. "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். நானும்தான். எங்களைவிட நல்ல கண்டோர் தொல்காப்பியருக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள்.

எனக்கு "சிபிஆர்" என்றே போட்டால் போதும். பஸ்ஸை எந்த அக்கா பேருந்து என்கிறார்?

முலுண்டிலிருந்து, வியாழன் இரவு

டூட்டி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். தம்பி, அது மூச்சு இல்லை. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு வருவது. நம் பாட்டிமார் "மேல்மூச்சு வாங்குது", "உயிர் இழுத்துக்கிட்டு கிடக்கு" என்று சொன்னது இதைத்தான். துண்டறிக்கையில் வேறு எந்தச் சொல்லை விட்டாலும் இந்த "மேல்மூச்சு" என்பதை விடாதீர்கள். அதை மூச்சு என்று நம்பித்தான் கூட்டம் கை கட்டி நிற்கிறது. தட்டிக் கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் ஒருவரை 108-க்குப் பேசச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கவேண்டும். சும்மா நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நம் ஊர் டிராஃபிக்கில், அதுவும் மழையில், ஆம்புலன்ஸ் எப்போது வரும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நடுநெஞ்சு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே மற்றக் கை. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழமாவது வேண்டும், 6-ஐத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலே வர விடவேண்டும், இல்லாவிட்டால் இதயத்தில் ரத்தம் நிரம்பாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டும். செய்து பார்த்தால்தான் தெரியும், இடுப்பு ஒடிந்துவிடும்.

செம்பூர் ஐயா, இந்தியன் ரிசஸிடேஷன் கவுன்சில் 2017-இல் பொதுமக்களுக்கு என்று கொண்டுவந்த முறையில் வாயோடு வாய் வைத்து ஊதுவதே கிடையாது. நீரில் மூழ்கியவர், குழந்தைகள் கதை வேறு, அதை வகுப்பில் சொல்வார்கள். ஆகவே உங்கள் உயிர்ப்பில் மூச்சு இருக்கிறது, எங்கள் வேலையில் இல்லை.

தாராவியிலிருந்து, வெள்ளி காலை

மீளுயிர்ப்புக்கு இன்னொரு சங்கடம். "ஞாயிறு காலை 10 மணி, மீளுயிர்ப்பு" என்று எழுதி வாசலில் ஒட்டினேன். மாதா கோயிலுக்குப் போகிற பெரியம்மா நின்று வாசித்துவிட்டு, "உயிர்ப்புப் பெருவிழா போன தடவையே முடிஞ்சுபோச்சே?" என்றார். எடுத்துவிட்டேன்.

"நெஞ்சழுத்தம்" போடலாமா?

மாட்டுங்காவிலிருந்து, வெள்ளி காலை

ஐயோ, வேண்டாம். நெஞ்சழுத்தக்காரி என்று என் மாமியார் என்னைத்தான் சொல்வார். "மார்பு அழுத்தம்" என்பதே சரி. முப்பது ஆண்டு மொழிபெயர்ப்பில் இருந்தவள் சொல்கிறேன், ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்று நின்றால்தான் நாளைக்குப் பாடநூல் வரும். ஆளுக்கொரு கொச்சை போட்டால் எதுவும் நிற்காது.

இன்னொரு யோசனையும் உண்டு. 1960-இல் இந்த முறையை எழுதி வெளியிட்ட மூவரில் மூத்தவரான கூவன்ஹோவன் மருத்துவரே அல்லர், மின்பொறியாளர். நாயின் மார்பில் மின்தகட்டை அழுத்தியபோது, மின்சாரம் பாய்வதற்கு முன்பே நாடியில் ஒரு துடிப்பு எழுந்ததை அவர்களில் இளையவர் கவனித்தாராம். யாரும், எங்கும் செய்யலாம், இரண்டு கைகள் போதும் என்று அதில் எழுதினார்கள். "இருகை மீட்பு" எப்படி?

தாராவியிலிருந்து, வெள்ளி மதியம்

அக்காமாரிடம் கேட்டுவிட்டேன். "மார்பழுத்தம்" என்றதும் ஒருவர், "எனக்கும் இருக்கு, காலையில ஒரு மாத்திரை போடறேன்" என்றார். ரத்த அழுத்தம், மன அழுத்தம் வரிசையில் இதையும் வியாதி ஆக்கிவிட்டார்கள். இருகை மீட்பு என்றால் நகைக்கடை ஞாபகம் வருகிறதாம். என்ன செய்யவேண்டும் என்று கையால் காட்டினேன். "ஓ, நெஞ்சை அமுக்கறதா" என்றார்கள், மூன்று பேர் ஒரே நேரத்தில்.

செம்பூரிலிருந்து, வெள்ளி மாலை

அந்த அக்காமார் அறியாமலே ஒரு நுட்பத்தைத் தொட்டுவிட்டார்கள். அழுந்து, அழுத்து, அமுங்கு, அமுக்கு. இரண்டும் ஒன்றல்ல. பொன்னில் மணியை அழுத்துகிறோம். அழுந்தியது அழுந்தியே கிடக்கும். பஞ்சு மெத்தை அமுங்குகிறது. கையை எடுத்தால் எழும். முலுண்டு அம்மா நெஞ்சு மேலே வரவேண்டும் என்றாரே, அந்த எழுச்சி "அமுக்கு" என்பதில்தான் இருக்கிறது. இனி அமிழ், அமிழ்து, ஆழ் ஆகியவற்றோடு இதற்குள்ள உறவைப் பார்த்தால்...

(ஐயா எழுதிய மீதி நான்கு பத்தியை வெட்டியிருக்கிறேன், மன்னிக்கவும். – தாராவி)

டோம்பிவிலியிலிருந்து, வெள்ளி மாலை

லிஃப்ட் பொத்தானையும் அழுத்துகிறோம், அதுவும் எழுகிறதே ஐயா?

எங்கள் ஊர்ப்பக்கம் "அமுக்குவான்" என்று ஒரு பேய் உண்டு, தூக்கத்தில் நெஞ்சின்மேல் ஏறி உட்காரும். ஆனாலும் என் ஓட்டு அமுக்குக்கே. அறிக்கையில் போலீஸ் விஷயமும் வரட்டும். அன்றைக்கு என் பக்கத்தில் நின்றவர், "தொட்டா கேஸாயிடும்" என்றார்.

மாட்டுங்காவிலிருந்து, வெள்ளி இரவு

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் 134அ பிரிவைச் சேர்த்தது. நல்லெண்ணத்தில் உதவியவர்மேல் வழக்கு வராது. ஆனால் அது வாகன விபத்துக்கு, பிளாட்பாரத்தில் மயங்கியவருக்கு அல்ல. பொத்தாம்பொதுவாக எழுதிவிடாதீர்கள்.

"அமுக்கு" எனக்குப் பிடிக்கவில்லை. திருடன் பர்ஸை அமுக்குவான். எதிர்த்து ஓட்டுப் போட்டேன் என்று பதிவாகட்டும்.

தாராவியிலிருந்து, வெள்ளி பின்னிரவு

இனிமேல் முடியாது, கண் எரிகிறது. தலைப்பு "நெஞ்சமுக்கு முதலுதவி (சிபிஆர்)". கண்டோருக்குப் பதில் "பக்கத்தில் இருக்கிறவர்". ஆழத்துக்கு "ஏறத்தாழ மூன்று விரற்கடை" என்று போட்டு, செ.மீ. கணக்கையும் பக்கத்தில் கொடுத்திருக்கிறேன். முலுண்டு அக்கா சரிபார்த்துவிட்டார்.

செம்பூரிலிருந்து, சனி அதிகாலை 4.50

அம்மா, நிறுத்துங்கள். நெஞ்சமுக்கு என்று சேர்த்து எழுதினால் நெஞ்சம் + உக்கு என்றும் பிரியும். உக்குதல் என்றால் மக்கிப்போதல். உயிர் காக்கும் தாளில் இது தகுமா? "நெஞ்சு அமுக்கு" என்று விட்டு எழுதுங்கள். குற்றியலுகரம் கெடாதது பிழைதான், பொறுத்துக்கொள்கிறேன். கண்டோர் பற்றியும் ஒன்று. டோம்பிவிலித் தம்பி சூத்திரத்தை முழுதும் பார்க்கவில்லை. "தடுப்பினும் விடுப்பினும்" என்றும் அதில் வருகிறது. கண்டோர் வெறுமனே பேசுகிறவர்கள் அல்லர், தேடி வந்த தாயைத் தடுத்து நிறுத்தவும் செய்வார்கள். அடிக்குறிப்பிலாவது போடலாம்.

தாராவியிலிருந்து, சனி காலை

விட்டு எழுதிவிட்டேன் ஐயா. அடிக்குறிப்புக்கு இடம் இல்லை. நாளை பத்து மணிக்கு நீங்களும் வாருங்கள், பொம்மைமேல் அமுக்கிப் பார்க்கலாம்.

செம்பூரிலிருந்து, சனி காலை

வருகிறேன். எனக்கு முட்டி மடங்காது, மேசைமேல் வைக்கச் சொல்லவும். பொம்மைக்குப் "பாவை" என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது.

முலுண்டிலிருந்து, சனி காலை

மேசைமேல் வைத்தால் உங்கள் உயரத்துக்கு ஆழம் வராது ஐயா. நீங்கள் எண்ணுங்கள், நான் அமுக்குகிறேன்.