பழைய பெட்ஃபோர்ட் ஜே6 லொறி: எஞ்சின் இறுகிப்போச்சு, எங்க தொடங்கிறது?

கொடிகாமம்_ஜே6:
அண்ணைமார், பெட்ஃபோர்ட் ஜே6 டீசல் ஒண்டைத் திருத்தி, திரும்பப் பாரம் ஏத்தக்கூடிய நிலைக்குக் கொண்டுவர வேணும். 330 கன அங்குல, ஆறு சிலிண்டர் எஞ்சின். முந்தி காங்கேசன்துறைப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏத்தினது. கனவருசமா வேப்பமரத்துக்குக் கீழ நிண்டதால எஞ்சின் அசையுதில்லை. பிறேக் மிதி அடிமட்டும் போகுது. மரப் பெட்டி உக்கிப்போச்சு, பின் ஸ்பிரிங் தாங்கிகளுக்குக் கிட்ட சாசியில கறள். இழுத்து கியரில போட்டு எஞ்சினை விடுவிக்கலாம் எண்டு சிலர் சொல்லினம். சரியோ? எந்த ஒழுங்கில வேலை செய்யலாம்?

சுன்னாகம்_டீசல்:
இழுக்கவே வேண்டாம் தம்பி. பிஸ்ரன் றிங்குகள் கறளில பிடிச்சிருக்கேக்க இழுத்தால் றிங் உடையும். வால்வு இறுகி நிண்டால் அதைத் திறக்கிற தள்ளுதடி வளையும்.

முதல் ஒயிலை வடியுங்கோ. ஒயிலுக்கு முன்னம் தண்ணி வந்தால் கெட் (சிலிண்டர்களை மூடுற மேல் பாகம்) கஸ்கற் போட்டுது அல்லது பிளொக் வெடிப்பு எண்டு சந்தேகப்பட்டு, கெட்டைக் கழற்றித்தான் மிச்ச வேலை. தண்ணி வராட்டி ஆறு இன்ஜெக்டரையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டருக்கு எண்டு இலக்கம் போட்டு வையுங்கோ. பைப் வாய்களைச் சுத்தமான மூடியால அடையுங்கோ. அதுக்குள்ள போற ஒரு மணல் துகள் இன்ஜெக்டர் நொசிலைப் பழுதாக்கப் போதும். ஒட்டோ கியர் ஒயிலும் (ATF) அசற்றோனும் சரிபாதி கலந்து, குலுக்கி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் 50 மில்லிலீற்றர் விட்டு ஒரு கிழமை ஊற விடுங்கோ. அசற்றோன் ஆவியாகும், அதால இடையில திரும்ப விட வேணும். கிட்ட நெருப்பு, வெல்டிங் ஒண்டும் கூடாது.

அந்தக் கிழமையில வால்வுகளை அமத்துற றொக்கர் சாவ்ற்றைக் கழற்றி, ஒவ்வொரு வால்வையும் மரச்சுத்தியலால மெல்லத் தட்டிப் பாருங்கோ. உடன திரும்பி மேல வரவேணும். வராததுக்குத் தண்டில டீசல் விட்டுத் தட்டித் தட்டி விடுவிக்கலாம்.

பிறகு கிராங் முன் நட்டில நீளப் பிடி போட்டு, ஒரு விரலளவு முன்னுக்கு, ஒரு விரலளவு பின்னுக்கு எண்டு அசையுங்கோ. பிளைவீல் பல்லில அலவாங்கு போட்டு நெம்பினால் பல்லு போகும். முழுச் சுத்து வரும்வரை இன்ஜெக்டர் ஓட்டைகள் திறந்தே இருக்கட்டும். உள்ளுக்கு நிற்கிற திரவத்துக்கு வெளிய வர வழியில்லாட்டி கொனெக்ரிங் றொட் வளையும். ஒரு மாதமாகியும் அசையாட்டி கெட்டைக் கழற்றுங்கோ, பலம் போட வேண்டாம்.

சுத்தத் தொடங்கினதும் ஸ்ராட் பண்ணப் பார்க்கிறதுதான் பெரிய ஆபத்து. இன்ஜெக்சன் பம்பின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ள இருக்கிற, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற கொன்ட்ரோல் றொட்டை விரலால தள்ளிப் பாருங்கோ. ஒரு முனையில இருந்து மற்ற முனைக்கு வழுக்கிப் போகவேணும். இது முழு டீசல் பக்கத்தில இறுகி நிண்டால், ஸ்ராட் பண்ணின உடனேயே எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஏறும். நிப்பாட்டுற வயரை இழுத்தும் பிரயோசனமில்லை. காற்றால வேலை செய்யிற கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துறது) எண்டால் டயபிரத்தில சின்னக் கிழிசல் இருந்தாலும் இதே நிலைதான், அதால புது டயபிரம் போடுங்கோ.

எஞ்சினுக்கு அடியில இருக்கிற ஒயில் சம்பைக் கழற்றி, ஒயில் சல்லடையைக் கழுவி, புது ஒயிலும் பில்ரரும் போட்டு, இன்ஜெக்டர் இல்லாமல் ஸ்ராட்டரால சுத்தி ஒயில் பிறெசர் ஏறுதோ எண்டு பாருங்கோ. இன்ஜெக்டரை ரெஸ்ற் பண்ணிப் பூட்டேக்க பழைய செப்பு வாசர் ஓட்டையின்ர அடியில ஒட்டியிருக்கும். அதைக் கிளறி எடுக்காமல் புது வாசர் போட்டால் நொசில் உயர்ந்து நிண்டு புகை தள்ளும். டீசலின்ர காத்தைப் பில்ரர், பம்ப், கடைசியா இன்ஜெக்டர் பைப் நட்டு எண்ட ஒழுங்கில எடுங்கோ. முதல் ஸ்ராட்டுக்கு ஒராள் தடிச்ச பலகையோட காற்று வாயிலுக்குப் பக்கத்தில நிக்க வேணும். எஞ்சின் ஓடிப்போனால் பலகையால அடைச்சுத்தான் நிப்பாட்டலாம். கையால பொத்தக் கூடாது.

நீர்வேலி_ரேடியேற்றர்:
மேலே சொன்னதோடு ஒன்று. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இருந்து வருவது. கொதித்தால் கேத்தலில் படிகிற அதே வெள்ளைப் படிவு பிளொக்குக்குள்ளும் தடித்துக் கிடக்கும். பின்பக்கம், ஆறாவது சிலிண்டரைச் சுற்றித்தான் அதிகம். வெறும் லொறி நன்றாக ஓடும், பாரம் ஏற்றியதும் சூடேறி கெட் கஸ்கற் போகும். காரணம் தெரியாமல் கஸ்கற்றை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

பிளொக்கின் பக்கத்தில் உள்ள தகட்டு மூடிகளான கோர் பிளக் எல்லாவற்றையும் தட்டி எடுத்து, கம்பியால் சுரண்டி, தேர்மோஸ்ரற் இல்லாமல் மேலிருந்து கீழாகத் தண்ணீர் அடியுங்கள். பழைய பிளக்குகளைத் திரும்பப் போடாதீர்கள். புதுப் பிளக் போட்டபின் 10 லீற்றர் தண்ணீருக்கு அரைக் கிலோ சிற்றிக் அமிலத்தூள் கரைத்து, இளஞ்சூட்டில் ஒன்றிரண்டு மணித்தியாலம் விட்டு வடியுங்கள். அடுத்து அப்பச்சோடாத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தரம் கழுவல். மலசலகூடம் கழுவும் அசிட் கூடவே கூடாது. அது இரும்பையும் அலுமினியத்தையும் தின்றுவிடும்.

ரேடியேற்றரை அமிலத்தால் மட்டும் சுத்தமாக்க முடியாது. மேல் தாங்கியின் ஈயப் பற்றை உருக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தட்டைக் கம்பி விட்டு எடுக்க வேண்டும். கடைசியில் கூலன்ற் கலந்த பற்றரித் தண்ணீர் (காய்ச்சி வடித்தது, அசிட் அல்ல) அல்லது மழைத்தண்ணீர். இதற்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர் விட்டால் செய்த வேலை முழுக்க வீண்.

சாசி_வேலை:
கடற்காற்றும் மரப்பெட்டியும் சேர்ந்தால் கறள் எங்க தொடங்கும் எண்டால், மரச்சட்டம் சாசியில குந்துற இடத்தில. பெட்டியை முழுக்க இறக்காமல் சாசியைப் பார்த்ததாச் சொல்ல ஏலாது. சுத்தியலால தட்டிக்கொண்டு போங்கோ, மந்தமான சத்தம் வாற இடத்தில தகடு மெலிஞ்சிருக்கு.

சாசியின்ர மேல், கீழ் விளிம்புக்குக் குறுக்கா வெல்டிங் போடாதேங்கோ. பாரத்தில அந்தக் கோட்டிலயே வெடிக்கும். ஒட்டுத் தகட்டைச் செங்குத்தா வெட்டாமல் முனையைச் சரிவா வெட்டி, நடுப்பக்கச் சுவரில பிடியுங்கோ. ஆடுற றிவிற்றை வெட்டி, ஓட்டையை றீமர் விட்டு, இறுக்கமாப் போற 10.9 தர போல்ட் போடலாம்.

பெட்டிக்குப் பாலை அல்லது முதிரைச் சட்டம், பலகைக்கு வேம்பு காணும். மரத்துக்கும் சாசிக்கும் இடையில றபர் பட்டி வையுங்கோ. மரம் ஏத்தி வர முன்னம் அனுமதிப்பத்திரம் எடுக்க வேணும்.

சாசி இலக்கம் அடிச்ச இடத்தைக் கிறைண்டரால தொடாதேங்கோ. பெயின்ற் அடிக்க முன்னம் கடதாசி வைச்சுப் பென்சிலால தேய்ச்சு ஒரு பிரதி எடுங்கோ. எஞ்சின் மாத்தினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில புது இலக்கம் பதிய வேணும்.

கொடிகாமம்_ஜே6:
நன்றி. பம்பின்ர தகடு கழற்றிப் பார்த்தன், றொட் நடுவில இறுகி நிக்குது. டீசல் விட்டு ஊற வைச்சிருக்கிறன். பிறேக் பார்க்கச் சில்லுகளைக் கழற்ற வெளிக்கிட்டால் வலப்பக்க நட்டுகள் கழண்டிட்டுது. இடப்பக்கம் நாலடி பைப் போட்டும் அசையுதில்லை. வெட்டட்டோ?

சாசி_வேலை:
வெட்டாதேங்கோ! இடப்பக்கம் இடது மரை. வலப்பக்கம் இறுக்கிற திசைக்கு, அதாவது மணிக்கூட்டுத் திசைக்குச் சுத்தினால்தான் கழரும்.

ஆனா அதுக்கு முதல் கையை எடுத்துவைச்சு இதைக் கேளுங்கோ. பின்னுக்கு இரட்டைச் சில்லு. நட்டைத் தொட முன்னம் வெளி ரயர், உள் ரயர் இரண்டிலயும் வால்வு ஊசியைக் கழற்றிக் காத்தை முழுக்க இறக்குங்கோ. றிம் கறளில வெடிச்சிருந்தால் நட்டுத்தான் அதைப் பிடிச்சு வைச்சிருக்கும். திரும்பக் காத்தடிக்கேக்க இரும்புக் கூட்டுக்குள்ள வைச்சுத்தான் அடிக்க வேணும், நீளக் குழாயோட தள்ளி நிண்டு. றிம்மில ரயரைப் பிடிச்சு வைச்சிருக்கிற இரும்பு வளையம் கறளில மெலிஞ்சிருந்தால் அல்லது சுத்திவர ஒரே இடைவெளியில குந்தாட்டி அந்த வளையம் வேண்டாம். பறந்தால் ஆளைக் கொல்லும்.

பிறேக்கில எல்லாச் சில்லுக்கும் ஒரே ஒயில் வழி. ஒரு இடம் ஒழுகினால் ஒரு சில்லுக்கும் பிறேக் இல்லை. அதால சில்லுச் சிலிண்டர் றபர், ஹோஸ், இரும்புப் பைப் எல்லாத்தையும் ஒண்டா மாத்துங்கோ. சிலிண்டருக்குள்ள கறள் குழி இருந்தால் உரஞ்சிச் சரிவராது, லேத்தில துருப்பிடிக்காத உருக்குச் சிலீவ் போடுங்கோ. றபரை பிறேக் ஒயிலால மட்டும் கழுவுங்கோ. மண்ணெண்ணெய் பட்டால் ஊதிப்போகும். பழைய லைனிங்கில அஸ்பெஸ்ரஸ் இருக்கும். தூசியை ஊதாமல் ஈரத்துணியால துடையுங்கோ.

சில்லைப் பூட்டேக்க றிம்மும் ஹப்பும் தொடுற முகத்தில பெயின்ற் தடிப்பா இருக்கக் கூடாது. பெயின்ற் நசிஞ்சு நட்டு தளரும். பாரத்தோட முதல் 50 கிலோமீற்றர் ஓடினதும் எல்லா நட்டையும் திரும்ப இறுக்குங்கோ.