சொந்தக் கொழுப்பைக் குரல்நாணில் ஏற்றினால் முழுதும் கரைந்துவிடுமா?

தேக்காவாசி:
நேற்று இங்கே பிடோக்காரன், "தொடைக் கொழுப்பை எடுத்துத் தொண்டையில் ஏற்றுவது வீண்செலவு, மூன்றே மாதத்தில் முழுதும் கரைந்துவிடும்" என்று எழுதினார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. என் அக்கா தமிழாசிரியை. தைராய்டு அறுவைக்குப் பிறகு இடப்பக்கக் குரல்நாண் அசையவே இல்லை. 'ஆ' என்று இழுத்தால் சத்தம் வருவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும், தண்ணீர் குடித்தால் புரையேறும். கொழுப்பை ஏற்றி அந்த நாணை நடுவுக்குத் தள்ளினார்கள். இப்போது மற்ற நாண் வந்து அதைத் தொடுகிறது. கடைசி வரிசைப் பிள்ளைக்கும் அவர் குரல் கேட்கிறது.

பிடோக்காரன்:
அக்காவுக்கு நல்லது. கொழுப்பு கரையுமா, கரையாதா? அதைச் சொல்லுங்கள்.

தேக்காவாசி:
ஒரு பகுதி கரையும். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். அது தெரிந்துதான் தேவைக்கு மேலேயே ஏற்றுகிறார்கள். அதனால்தான் முதல் சில வாரம் குரல் அமுங்கி, கட்டையாக இருக்கும். இரத்த ஓட்டம் கிடைத்த செல்கள் தங்கிவிடும். சில மாதத்தில் போவது ஹயலுரானிக் அமிலம் என்ற கூழை ஏற்றும் ஊசி. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

பிடோக்காரன்:
ஆக, கரையும். நன்றி டாக்டர்.

ஈசூன்மீனா:
குரல்வளைக் குருத்தெலும்பில் ஓட்டை போட்டு, நாணை நடுவுக்குத் தள்ள சிலிக்கோன் கட்டை வைக்கும் முறையும் இருக்கிறதே. ஜப்பானிய அறுவை மருத்துவர் இஷிக்கி 1974-இலேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். கட்டை கரையாது.

பிடோக்காரன்:
கேட்டீர்களா? கரையாததை வைக்க வேண்டியதுதானே!

தேக்காவாசி:
மீனாக்கா சொல்லும் கட்டை நல்ல முறைதான், ஆனால் அதற்குக் கழுத்தில் வெட்ட வேண்டும். கரையாததுதான் உசத்தி என்கிறீர்களே, 1960களில் டெஃப்லான் என்ற செயற்கைப் பொருளை நாணில் ஏற்றினார்கள். அது கரையவில்லை. சுற்றிலும் அழற்சிக் கட்டி வளர்ந்து மூச்சுக்கே இடைஞ்சலானது. சொந்தக் கொழுப்பை உடம்பு அந்நியமாகப் பார்க்காது.

பிடோக்காரன்:
டெஃப்லானைப் பற்றி யார் கேட்டது?

ஜூரோங்தம்பி:
எங்கள் மாமாவுக்குத் தொண்டை போனபோது பனங்கற்கண்டும் மிளகும்தான் கை கொடுத்தன.

தேக்காவாசி:
தம்பி, சளி கட்டிய தொண்டை வேறு, நரம்பு செத்த நாண் வேறு. யாராவது இதைப் படித்துவிட்டு மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடப் போகிறார்கள்.

ஜூரோங்தம்பி:
பாட்டி வைத்தியம் என்றாலே உங்களுக்கு இளக்காரம்.

பிடோக்காரன்:
இவர் எப்போதும் இப்படித்தான். தைப்பூச உறுமி மேள விவாதத்திலும் யாரையும் பேசவிடவில்லை.

தேக்காவாசி:
அங்கேயும் ஆதாரம் கேட்டேன், நீங்கள் காணாமல் போனீர்கள். குரல் போன ஓர் ஆசிரியர் உங்கள் பதிவைப் பார்த்துவிட்டுச் சிகிச்சையே வேண்டாம் என்று உட்கார்ந்தால் யார் பொறுப்பு?

ஈசூன்மீனா:
கொழுப்பு எடுத்து ஏற்றப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பார்களே, இதய நோய் உள்ள வயதானவர்களுக்குச் சரிவருமா? மற்ற ஊசிகளை விழித்திருக்கும்போதே போடலாம். அம்மாவுக்காகக் கேட்கிறேன்.

பிடோக்காரன்:
என்ன போட்டாலும் கொழுப்பு கரையும்.

தேக்காவாசி:
முழுதும் கரையாது. அந்தப் பதிவைத் திருத்துங்கள்.

பிடோக்காரன்:
திருத்த மாட்டேன்.