திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்

போன ஆவணியில் ஒரு திங்கட்கிழமை. தங்கச்சி போன் பண்ணினாள். வழக்கம்போல வலது காதில் வைத்து "ஹலோ, ஹலோ" என்று கத்துகிறேன், பதிலே இல்லை. இடது காதுக்கு மாற்றினால், "என்னக்கா, இவ்வளவு நேரமா பேசறேன், கேக்கலையா?" என்கிறாள். வலி இல்லை, சீழ் இல்லை. உள்ளே மட்டும் மாவு மில் ஓடுகிற இரைச்சல்.

மெடிக்கலில் "அழுக்கு அடைச்சிருக்கும்" என்று சொட்டு மருந்து தந்தார்கள். அதை விட்டுக்கொண்டே நாலு நாளைத் தொலைத்தேன். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

ஐந்தாம் நாள் ஈ.என்.டி. டாக்டர் பார்த்தார், காதில் அழுக்கே இல்லை. டியூனிங் ஃபோர்க் என்கிற, தட்டினால் ஒலிக்கும் கவைக் கம்பியைத் தட்டி நடு நெற்றியில் வைத்து, "எந்தப் பக்கம்மா கேக்குது?" என்றார். நல்ல காதில்தான் கேட்டது. வெறும் அடைப்பு என்றால் அடைத்த காதில்தான் தூக்கலாகக் கேட்குமாம். ஒரு காதைப் பொத்திக்கொண்டு "ம்ம்" என்று முனகிப் பாருங்கள், புரியும். எனக்கு உள்காது, நரம்புப் பக்கக் கோளாறு. கேட்கும் திறனை அளக்கிற ஆடியோகிராமில் 70 டெசிபல் (எண் கூடக் கூடக் காது மந்தம்). கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள்.

என் எடை 58 கிலோ. தினம் 60 மி.கி. பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை, காலைச் சாப்பாட்டுக்குப் பின். 10 நாள் முழு அளவு, பிறகு படிப்படியாகக் குறைத்தார். "தானா சரியாகிறவங்களும் உண்டும்மா. மாத்திரையாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா 2 வாரம் தாண்டினா பலன் குறைஞ்சிடும்" என்று ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைதான் எனக்குத் தைரியம் தந்தது.

மாத்திரை போட்ட நாட்களில் ராத்திரி 2 மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்திருப்பேன், அகோரப் பசி. ஏழாம் நாள் தாளிக்கும்போது கடுகு வெடித்தது வலது பக்கமும் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு அழுதேன். கடைசி ஆடியோகிராம் 35 டெசிபல். மெலிதான இரைச்சல் மட்டும் இன்னும் இருக்கிறது.

*

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் அப்பாவுக்கும் இதே காதுக் கோளாறு, இதே மாத்திரைதான். அவருக்குச் சுகர் உண்டு. காலை வெறும் வயிற்றில் பார்த்தால் சரியாகவே இருக்கும். சாயங்காலம் பார்த்தால் 340. ஸ்டீராய்டைக் காலையில் போட்டால் மதியத்துக்கு மேல்தான் சுகர் ஏறும் என்று அப்புறம்தான் தெரிந்தது. இன்சுலின் போட வேண்டி வந்தது. மாத்திரையில் குணமாகவில்லை என்று செவிப்பறை வழியாக 3 ஊசி போட்டார்கள். அதிலும் பெரிதாகத் திரும்பவில்லை, இப்போது ஹியரிங் எய்டு வைத்திருக்கிறார். சுகர் உள்ளவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரை போடுகிற நாட்களில் மதியமும் சாயங்காலமும் கட்டாயம் பாருங்கள்.