கோவிட் டூட்டிக்கு அப்புறம் படபடப்பு, ஹார்ட் பிரச்சினை: ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவங்க அனுபவம் சொல்லுங்க

நைட்டூட்டி நர்ஸ்
2021 மே, தமிழ்நாட்டுல ஒரு நாளைக்கு 36 ஆயிரம் கேஸ் வந்த நேரம். நான் எம்ஆர்பி (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலமா எடுத்த கோவிட் காண்ட்ராக்ட் நர்ஸ், எல்லாரையும் போல எனக்கும் பாசிட்டிவ், மைல்டுதான், சிடி கூட எடுக்கல. குவாரன்டைன் முடிச்சு டூட்டிக்கு வந்த பிறகுதான் ஆரம்பிச்சது. உக்காந்திருந்தா ஒண்ணுமில்ல, எந்திரிச்சு நின்னா நெஞ்சு அடிக்கிறது எனக்கே காதுல கேக்கும்.

ஒரு ராத்திரி, ஒரு பெரியவருக்கு ஆக்சிஜன் சாச்சுரேஷன் பாக்கறேன், ரீடிங் வரல, மெஷின் வேலை செய்யுதான்னு என் விரல்ல மாட்டுனேன். சாச்சுரேஷன் 98, பல்ஸ் 142. சும்மா நின்னுட்டுதான் இருக்கேன், ஓடல ஆடல. அவர் அந்த நம்பர எட்டிப் பாத்துட்டு "இது என்னுதா தாயி, உன்னுதா"ங்கறாரு. என்னுதுதான் தாத்தான்னேன். கால மடக்கிக்கிட்டு கட்டில் ஓரத்துல இடம் விட்டு "உக்காரு"ன்னாரு. பேஷண்ட் பெட்ல ஸ்டாஃப் உக்காந்தா ஹெட் நர்ஸ் என்ன பேசுவாங்கன்னு தெரியும்ல, இருந்தும் உக்காந்துட்டேன்.

ஈசிஜி, எக்கோ, ட்ரோபோனின் (ஹார்ட் தசை அடிபட்டா ரத்தத்துல ஏறற பொருள்), தைராய்டு எல்லாம் நார்மல், ஈஎஃப் (ஹார்ட் ஒவ்வொரு துடிப்புலயும் வெளிய தள்ளற ரத்தத்தோட சதவீதம்) 62. "டென்ஷன்மா, ஒரு கல்யாணத்த பண்ணு சரியாப்போயிடும்"னு சொல்லி தூக்க மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. ரொம்ப நாள் கழிச்சு வேற ஒரு டாக்டர் படுக்க வச்சு பல்ஸ் பாத்தாரு, 78. நிக்கச் சொல்லிட்டு வாட்ச்ச பாத்துக்கிட்டே கூட நின்னாரு, 121. பிபி இறங்கல. பாட்ஸ்னாரு, அதாவது எந்திரிச்சு நின்னா பல்ஸ் எகிறற பிரச்சினை. இதுக்கு ஒரு பெரிய மெஷினும் வேணாம், பத்து நிமிஷம் பக்கத்துல நின்னா போதும். அத அதுவரைக்கும் ஒருத்தரும் செய்யல, அந்த ஆத்தாமைதான் இன்னும் போகல. காண்ட்ராக்ட்டும் 2022 டிசம்பர் 31-ஓட முடிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அது தனிக்கதை.

கொங்கு 108
நான் 108 ஆம்புலன்ஸ்ல இஎம்டிங்க, பேஷண்ட்டுக்கு முதலுதவி பாக்கறவன். கதை என்னுது இல்ல, எங்க பைலட் அண்ணனுது, வண்டி ஓட்டறவர அப்படித்தான் சொல்வோம். ரெண்டாவது அலையில பாசிட்டிவ் ஆகி, நெகட்டிவ் வந்து, வண்டிக்கு திரும்பி கொஞ்ச நாள்தான் ஆச்சு. மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல, பேஷண்ட்டு நல்ல வெயிட்டு. ரெண்டு பேரும் தூக்கி இறக்குனோம். கீழ வந்ததும் அண்ணனுக்கு சட்டை மொத்தமா நனைஞ்சிருச்சு, மூஞ்சி வெளுத்துப்போச்சு. என்னண்ணான்னா "வெயிலுடா"ங்கறாரு. மணி ராத்திரி ஒம்பதுங்க.

ஓட்டிட்டு வந்தாருங்க. கேஷுவாலிட்டில பேஷண்ட்ட இறக்கி ஹேண்ட் ஓவர் பண்ணி, கையெழுத்து வாங்குன பிறகு, காலியான அதே ஸ்ட்ரெச்சர்ல ஏறிப் படுத்துட்டாரு. நான் புது கேஸ் ஷீட் எடுக்கறேன், பேஷண்ட் பேருன்னு இருக்கற எடத்துல அவர் பேர எழுதறேன், பைலட் பேருன்னு இருக்கற எடத்துலயும் அவர் பேரத்தான் எழுதணும். அங்க பேனா நின்னுருச்சுங்க.

ட்ரோபோனின் ஏகத்துக்கு ஏறியிருந்துச்சு, ஆஞ்சியோல ஒரு அடைப்பும் இல்ல, எம்ஆர்ஐல மயோகார்டைட்டிஸ், ஹார்ட் தசையில அழற்சின்னாங்க, ஈஎஃப் 35-க்கு இறங்கிருச்சு.

பிஜி முடிச்ச டாக்டர்
108 தம்பி சொன்னது உண்மையான கேஸ். நர்ஸ் சிஸ்டர் கோச்சுக்காதீங்க, எக்கோ நார்மல்னா ஹார்ட் நல்லாருக்குன்னுதான் அர்த்தம், எல்லாத்தையும் கோவிட் தலையில கட்டக்கூடாது. லண்டன்ல ஹெல்த் கேர் ஒர்க்கர்ஸ் 149 பேர எடுத்து, 74 பேருக்கு மைல்டு கோவிட் வந்துபோனது, 75 பேருக்கு வராதது, ஆறு மாசம் கழிச்சு எல்லாருக்கும் ஹார்ட் எம்ஆர்ஐ பாத்தாங்க. ரெண்டு கும்பலுக்கும் வித்தியாசமே இல்ல. அதுக்கு முன்ன 2020-ல ஃப்ராங்க்ஃபர்ட்ல 100 பேர்ல 78 பேருக்கு எம்ஆர்ஐல மாற்றம்னு வந்ததும் உலகமே அலறுச்சு, அப்புறம் அந்தக் கட்டுரையில நம்பரெல்லாம் திருத்த வேண்டியதாப்போச்சு. எனக்கும் படபடப்பு இருந்துச்சு, ஹோல்டர் (நாள் முழுக்க ஈசிஜி எடுக்கற சின்ன மெஷின்) மாட்டிப் பாத்தேன், ஒண்ணுமில்ல, காபிய குறைச்சேன், போயிடுச்சு.

நைட்டூட்டி நர்ஸ்
டாக்டர், அந்த 149 பேரையும் எம்ஆர்ஐல படுக்க வச்சுத்தான பாத்தாங்க? படுத்தா எனக்கும் 78தான். எனக்கு ஹார்ட் கெட்டுப்போச்சுன்னு நான் எங்க சொன்னேன். நிக்க முடியல, நர்ஸ் வேலையே நிக்கற வேலைன்னுதான் சொன்னேன்.

சும்மா படிக்கறவன்
இதெல்லாம் கோவிட் தடுப்பூசியால வந்தது. யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க.

பிஜி முடிச்ச டாக்டர்
ஊசிக்காரரே, சென்னையில இருக்கற ஐசிஎம்ஆர் என்ஐஇ (மத்திய அரசோட தொற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம்)தான் அத ஆராய்ச்சி பண்ணுனாங்க, 2023-ல வந்துச்சு. நாடு முழுக்க 47 ஆஸ்பத்திரி, 18-லருந்து 45 வயசுக்குள்ள திடீர்னு செத்துப்போன 729 பேர். ஊசி போட்டதால ஆபத்து கூடல. கோவிட்டுக்கு அட்மிட் ஆனவங்க, குடும்பத்துல அப்படி சாவு இருந்தவங்க, மொடாக்குடி, திடீர்னு மூச்சு முட்ட உடற்பயிற்சி, இதுலதான் கூடியிருக்கு. எம்ஆர்என்ஏ ஊசில வாலிபப் பசங்களுக்கு அபூர்வமா மயோகார்டைட்டிஸ் வந்தது நெஜம்தான், ஆனா நம்மூர்ல பெரும்பாலும் போட்டது கோவிஷீல்டும் கோவாக்சினும், அது ரெண்டும் எம்ஆர்என்ஏ இல்ல.

சிஸ்டர் சொன்ன நிக்கற பாயிண்ட் சரிதான், ஒத்துக்கறேன். அமெரிக்காவுல ரிட்டயர்டு ராணுவத்தாளுங்க ஒன்றரை லட்சம் பேர பாத்த ஆய்வும் இருக்கு, 2022-ல வந்தது, அட்மிட் ஆகாதவங்களுக்குக்கூட ஒரு வருசத்துக்குள்ள ஹார்ட் பிரச்சினை கூடியிருந்துச்சு. ஹார்ட் ஃபெயிலியர் 72 சதவீதம் அதிகம்னு பேப்பர்ல பயமுறுத்துனாங்க, பிரிச்சுப் பாத்தா 1000 பேருக்கு 12 பேர் கூடுதல். அதுவும் வயசான ஆம்பளைங்கதான் ஜாஸ்தி.

வேலம்மா
எம்பொண்ணு டைப் பண்றா, நான் சொல்றேன். எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி தூய்மைப் பணி, காண்ட்ராக்ட்டு. கோவிட் வார்டு குப்பைய அவருதான் அள்ளுனாரு. வைகாசில பாசிட்டிவ், ஐப்பசில தீவாளிக்கு முன்ன நெஞ்சு வலி, போயிட்டாரு. கோவிட் வேலை பாத்து செத்தவங்களுக்கு குடுக்கற 50 லட்சம் இன்சூரன்ஸ்ல எங்காளுங்களும் உண்டுன்னு யூனியன்ல சொன்னாங்க, போனேன். அந்த ஆபீஸ்ல ஒருத்தர் செவுத்துல இருந்த காலண்டர ஒவ்வொரு தாளா தூக்கித் தூக்கி பேனாவால எண்ணுனாரு. "பாசிட்டிவ் வந்து 30 நாளைக்குள்ளன்னாத்தான் கோவிட் சாவும்மா"ன்னாரு. அதுக்கப்புறம் அந்தத் தாள கீழ விடாம, பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகம் என்னிக்குன்னு பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட பாத்துச் சொன்னாரு. அதுதான் எனக்கு மறக்கவே மாட்டேங்குது.

இயற்கை நேசன்
சகோதரிக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். எனக்கும் லேப்ல வேலை, கோவிட் வந்தது, படபடப்பு வந்தது, போய்விட்டது. எப்படிப் போனதுன்னா, எல்லாரும் குறிச்சு வச்சுக்கங்க, காலையில எந்திரிச்சதும் கட்டில்ல உக்காந்தே ரெண்டு டம்ளர் தண்ணி, அதுல நல்லா உப்பு, ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குறையக்கூடாது, சாப்பாட்டுல ஊறுகா அப்பளம் சேருங்க, தடால்னு எந்திரிக்காதீங்க, சுடுதண்ணி குளியல் வேணாம், நிக்கும்போது காலை பின்னிக்கிட்டு தொடைய இறுக்குங்க, ராத்திரி பூண்டுப் பால், காலையில மருதம்பட்டை கஷாயம் ஒரு மண்டலம், இதயத்துக்கு மருதம்பட்டைய மிஞ்சுன மருந்தே கிடையாது. 108 தம்பி, உங்க அண்ணனுக்கும் இத அப்படியே குடுங்க, மாத்திரைய படிப்படியா நிறுத்திடலாம்.

பிஜி முடிச்ச டாக்டர்
குடுத்துடாதீங்க தம்பி!! உப்பும் தண்ணியும் பாட்ஸ்க்கு குடுக்கறதுதான், அதுவும் பிபி, கிட்னி பாத்துட்டுத்தான். ஈஎஃப் 35 இருக்கறவருக்கு மூணு லிட்டர் உப்புத் தண்ணி குடுத்தா நுரையீரல்ல நீர் கோத்து உங்க வண்டியிலயே திரும்ப வருவாரு. மயோகார்டைட்டிஸ்னா மூணுலருந்து ஆறு மாசம் கனமா எதுவும் தூக்கக்கூடாது, மாத்திரைய கார்டியாலஜிஸ்ட் சொல்லாம நிறுத்தவே கூடாது. வேலம்மா, அந்த 30 நாள் கணக்குல, அட்மிஷன்லயே தொடர்ந்து இருந்து இறந்திருந்தா நாள் தாண்டினாலும் சேரும்னு இருக்கு, டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தா எடுத்துப் பாருங்க.

வேலம்மா
அவரு அட்மிட்டே ஆகல சார். பெட்டு இல்லன்னாங்க, வீட்லதான் கிடந்தாரு.

நைட்டூட்டி நர்ஸ்
எனக்கு உப்பு குடுத்தது டாக்டர்தான், கூட தொடை வரைக்கும் இறுக்கமான சாக்ஸ், பல்ஸ குறைக்க இவாப்ராடின் மாத்திரை. சென்னை வெயில்ல அந்த சாக்ஸ போட்டவங்களுக்குத்தான் தெரியும். இப்ப டயாலிசிஸ் யூனிட்ல இருக்கேன், பாதி நேரம் உக்காந்து பாக்கலாம். 108 தம்பி, அண்ணன் இப்ப எப்படி இருக்காரு?

கொங்கு 108
ஈஎஃப் 50-க்கு வந்துருச்சுங்க அக்கா, வண்டிக்கும் வந்துட்டாரு. ஸ்ட்ரெச்சர் பக்கம் மட்டும் நான் விடறதில்ல, பேஷண்ட் வீட்டாளுங்களத்தான் ஒரு கை பிடிக்கச் சொல்றேன். அதுக்கு தினமும் சண்டைங்க, "என்னைய நோயாளி ஆக்கறியாடா"ன்னு ரெண்டு நாளா என்கூட டீ குடிக்க வரல.